சங்கிலி பிடித்தவர்களின் பெயர்கள்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் காணிக் கந்தோர்களில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறாள். மருமகன் அந்த நாட்டுக்காரர். அவருடைய முன்னோர் ஒருவர் 1780களில் காடு வெட்டிக் காணி பெற்றவர் என்று அவர்கள் வீட்டில் பரம்பரையாகச் சொல்கிறார்கள். கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பேரன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பக்கத்துக் குடும்ப வரலாற்றையும் எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் என் அப்பாவுக்கு அரசாங்கம் காணி கொடுத்த அனுமதிப் பத்திரம், பெர்மிட், ஒன்று மட்டும் இருக்கிறது. எங்கே தொடங்குவது ஐயா? – வாசகி, உருத்திரபுரம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்தவுடன் என் மருமகளின் ஞாபகம் வந்தது. அக்காவின் மகள். அவளும் கென்டக்கிக்காரர் ஒருவரைத்தான் முடித்தாள். அவளுடைய மாமியாருக்கு எழுபத்தாறு வயது. தன் தாய்வழிப் பூட்டனின் பூட்டன் எங்கே குடியிருந்தார் என்று அறிந்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாவின் பெரிய ஆசை. “மாமா, நீங்கள் வாழ்நாள் முழுக்கக் காணிக் கோப்புப் பார்த்தவர்தானே, கொஞ்சம் பாருங்கோ” என்று மருமகள் கேட்டாள். இரண்டு மாரி காலம், பேத்தியின் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இரவு இரவாகத் தேடினேன்.

நான் விட்ட பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதில் நாளைக் கழிக்க வேண்டாம். அமெரிக்க மத்திய அரசாங்கம் வழங்கிய காணிகளின் பதிவுகள் ஐந்து மில்லியனுக்கு மேல் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மூன்று கிழமை அதற்குள்ளேயே தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஏனென்றால் கென்டக்கியில் காணி கொடுத்தது மத்திய அரசாங்கம் அல்ல. 1780களில் அது வர்ஜீனியாவின் ஒரு பகுதி. 1792இல்தான் தனி மாநிலமானது. முதல் 13 மாநிலங்களிலும், கென்டக்கி, டென்னசி, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களிலும் காணிப் பதிவுகளை மாநிலத்திடம்தான் கேட்க வேண்டும். உங்கள் மருமகன் போக வேண்டிய இடம் கென்டக்கி மாநிலச் செயலாளரின் கீழுள்ள காணி அலுவலகம். வர்ஜீனியா காலத்துக் கோப்புகளையும் படமெடுத்து அவர்கள் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். காசு இல்லை.

1779இல் வர்ஜீனியா ஒரு காணிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஒருவர் கையில் காணி வந்து சேர நான்கு படி. முதலில் இத்தனை ஏக்கர் எடுக்கலாம் என்ற உத்தரவுச் சீட்டு. அப்புறம் அந்தச் சீட்டைக் கொண்டுபோய், இன்ன ஆற்றங்கரையில் இன்ன இடம் எனக்கு வேண்டும் என்று பதிவது. மூன்றாவது நில அளவை. கடைசியில் ஆளுநர் கையெழுத்திட்ட காணிப் பத்திரம். சீட்டை மூன்று வழியில் பெறலாம். காசு கொடுத்து வாங்கலாம். போரில் சேவை செய்ததற்காகப் பெறலாம். அல்லது 1778 ஜனவரிக்கு முன்னரே அங்கே குடியிருந்து சோளம் விளைவித்ததை நிரூபித்து 400 ஏக்கர் கேட்கலாம். உங்கள் மருமகனின் முன்னோர் இதில் எந்த வழியில் வந்தார் என்று தெரிந்தாலே பாதிக் கதை வந்துவிடும்.

ஒரு விடயத்தில் கவனம் தேவை. சீட்டைப் பிறருக்கு எழுதிக் கொடுக்கலாம், விற்கலாம். போர்வீரர் பலர் தம் சீட்டை விற்றுவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. ஆகவே சீட்டில் ஒரு பெயர் இருப்பதால் அவர் அந்தக் காணியில் குடியிருந்தார் என்று எழுதிவிடக் கூடாது. குடியிருந்தாரா என்பதை வரிப் பட்டியல் சொல்லும். கென்டக்கியில் 1790, 1800ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்புப் பதிவுகள் இன்று இல்லை. வருடா வருடம் எடுத்த வரிப் பட்டியல்கள்தான் அந்த இடத்தை நிரப்புகின்றன. குடிசனப் பதிவு கிடைக்கும் வருடங்களிலும், 1850க்கு முன்னர் குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றவர்களைத் தலைக்கணக்காகவே போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயர் இல்லை, மனைவியின் பெயர் இல்லை.

சரி, மனைவியை எங்கே தேடுவது? இதற்கு எனக்கு விடை கிடைத்தது அந்த மூன்றாவது படியில், நில அளவைத் தாளில்.

1973இல் நான் பயிற்சிக்கு வந்த புதிதில் முத்தையன்கட்டுப் பக்கம் நில அளவையாளரோடு காட்டுக்குள் நடந்திருக்கிறேன். நிலம் அளக்கும் சங்கிலியின் முன் நுனியை ஒருவர் இழுத்துக்கொண்டு போவார், பின் நுனியை ஒருவர் பிடித்திருப்பார். 66 அடி, 100 கண்ணி. கோட்டில் நிற்கும் மரத்தில் ஒருவர் கத்தியால் வெட்டி அடையாளம் போடுவார். அன்று முன் நுனியை இழுத்தவர்களின் பெயரை நாங்கள் எந்தக் கோப்பிலும் எழுதவில்லை. அந்தக் கிராமத்து ஆட்கள்தான். காடு அவர்களுக்குத்தான் தெரியும். கென்டக்கியின் பழைய அளவைத் தாளைத் திறந்தபோது நான் திடுக்கிட்டது அதனால்தான். அதே சங்கிலி. ஆனால் தாளின் அடியில் சங்கிலி பிடித்த இருவரின் பெயரும், மரத்தில் அடையாளம் வெட்டியவரின் பெயரும் எழுதியிருந்தன.

கூலிக்கு ஆள் பிடிக்க முடியாத காடு அது. சங்கிலி பிடிக்க வருபவர் பெரும்பாலும் காணிக்காரரின் மகன், தம்பி, மைத்துனன், பக்கத்துக் காணிக்காரர். என் மருமகளின் மாமியார் தேடிய மனிதரின் அளவைத் தாளில் சங்கிலி பிடித்த ஒருவருக்கு முற்றிலும் வேறு குடும்பப் பெயர். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அதே கவுண்டியின் (எங்கள் மாவட்டம் மாதிரி) திருமணப் பிணைப் பத்திரங்களைப் பார்த்தேன். அக்காலத்தில் திருமணத்துக்கு மாப்பிள்ளையோடு இன்னொருவரும் பிணை நிற்க வேண்டும். அவர் அநேகமாகப் பெண்ணின் தகப்பனாகவோ சகோதரனாகவோ இருப்பார். சங்கிலி பிடித்தவரேதான் பிணை நின்றிருந்தார். பெண்ணுக்கும் அதே குடும்பப் பெயர். இருநூறு வருடமாக அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமலிருந்த பூட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் அப்படித்தான் கிடைத்தது. நேரம் விடிய இரண்டு மணி. மருமகளுக்கு அப்போதே தொலைபேசி எடுத்தேன், அங்கே பின்னேரம். மாமியார் தொலைபேசியை வாங்கி எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே உங்கள் மருமகனிடம் சொல்லுங்கள்: தேடும் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மூட வேண்டாம். சங்கிலி பிடித்தவர், எல்லைக் காணிக்காரர், சாட்சி, எல்லாப் பெயரையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். காணியைப் பின்னாளில் விற்றிருந்தால் விற்ற உறுதியையும் பார்க்க வேண்டும். மனைவிக்குக் கணவன் காணியில் உரிமை இருந்தபடியால், விற்கும்போது அவளைத் தனியே கூப்பிட்டு விருப்பம் கேட்டுப் பதிந்திருப்பார்கள். வேறு எங்கும் வாய் திறக்காத பெண்ணின் பெயர் அங்கே வரும்.

பெயரின் எழுத்துக் கூட்டலிலும் பிடிவாதம் வேண்டாம். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவர். ஒரே மனிதரின் பெயர் ஒரே வருடத்தில் மூன்று விதமாக இருக்கும்.

காணி கிடைத்தும் நிலைக்காத குடும்பங்கள் கென்டக்கியில் நிறைய. அரசாங்கம் முதலே அளந்து துண்டு போடாமல், அவரவர் தனக்குப் பிடித்த இடத்தை மரத்தையும் ஓடையையும் எல்லையாகச் சொல்லிப் பதிந்ததால், ஒருவர் காணிமேல் இன்னொருவர் காணி ஏறியது. ஒரே நிலத்துக்கு மூன்று, நான்கு பேர். அந்த நாட்டுக்கு வழி காட்டியவர் என்று பெயர் பெற்ற டானியல் பூன், தானே நில அளவையாளராக வேலை செய்தவர், தன் காணி அனேகமாக முழுவதையும் இழந்து 1799இல் மிசூரிக்குப் போனார். ஆபிரகாம் லிங்கனின் தகப்பன் 1816இல் கென்டக்கியை விட்டு இந்தியானாவுக்குப் போனதற்கும் காணி உறுதிச் சிக்கல்தான் முக்கிய காரணம் என்று லிங்கனே எழுதியிருக்கிறார். உங்கள் மருமகனின் ஆட்களும் ஒரு வருடத்தோடு வரிப் பட்டியலில் இருந்து மறைந்தால் செத்துப்போனார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். நீதிமன்ற வழக்குக் கோப்பைப் பாருங்கள். எல்லை வழக்கில் கிழவர்கள் வந்து சாட்சி சொல்லியிருப்பார்கள்: நான் இன்ன வருடம் இன்னாரோடு வந்தேன், இந்த மரத்தடியில் படுத்தேன் என்று. குடும்ப வரலாற்றுக்கு அதைவிட நல்ல சாமான் கிடைக்காது.

இனி உங்கள் அப்பாவின் பெர்மிட். ‘ஒன்று மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது சின்ன விடயமில்லை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்தது அது. என் அப்பாவும் எட்டாம் வாய்க்காலில் அப்படித்தான் காணி எடுத்தவர். பெர்மிட்டில் துண்டு இலக்கம், வரைபட இலக்கம், ஏக்கர்–ரூட்–பேர்ச் கணக்கு, நாலு எல்லை, திகதி எல்லாம் இருக்கும். பின்னுரித்தாளர், அதாவது காணிக்காரருக்குப் பின் காணியைப் பெறுபவர், என்ற இடத்தில் யார் பெயர் போட்டிருக்கிறது, அதை எப்போது மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பெயரை வெட்டி இன்னொரு பெயரை எழுதியிருந்தால் அதற்குப் பின்னால் ஒரு சாவோ, கலியாணமோ, கோபமோ இருக்கும். இது நான் நூற்றுக்கணக்கான கோப்புகளில் கண்டது.

பின்னர் உங்கள் பிரதேச செயலகத்தில் காணிப் பேரேட்டைக் கேளுங்கள். பெர்மிட் தொலைந்தாலும் பேரேட்டில் ஒரு வரி இருக்க வாய்ப்புண்டு. காணிக் கச்சேரி என்றால் காணி கொடுக்க ஆட்களை விசாரித்துத் தெரிவு செய்யும் கூட்டம். அந்தக் கோப்பு தப்பியிருந்தால் அதிர்ஷ்டம். நான் கச்சேரி வைத்த நாட்களில் மேசைக்கு முன்னால் வரும் ஒவ்வொருவரிடமும் கேட்போம்: எந்த ஊர், கலியாணம் முடித்ததா, எத்தனை பிள்ளை, சொந்தக் காணி உண்டா, என்ன தொழில். எல்லாவற்றையும் எழுதுவோம். உங்கள் அப்பா தீவுப் பகுதியில் இருந்தோ வடமராட்சியில் இருந்தோ வந்தவராக இருந்தால் அந்தப் பழைய ஊரின் பெயர் அதில் இருக்கும். அங்கிருந்து யாழ்ப்பாணத்து உறுதிகளுக்குப் போகலாம். பெண்வழியைப் பிடிக்க வேண்டுமானால் அங்கே சீதன உறுதிதான் வழி. தாயின் காணி மகளுக்குப் போகும்போது தாயின் தாய் யார் என்றும் அதில் வந்துவிடும். பெர்மிட்டில் இந்த வழி இல்லை. யாரையும் நியமிக்காமல் காணிக்காரர் இறந்தால் பிள்ளைகளில் ஆண் பிள்ளைக்கே முதலிடம் என்றுதான் சட்டம் நெடுங்காலம் இருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். அதனால் மூத்த பெண் பிள்ளைகள் பலரின் பெயர் எங்கள் கோப்புகளில் ஒரு தடவைகூட இல்லை. அதை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தக் கோப்புகளில் பாதி என் கையெழுத்து.

உங்கள் பேரனுக்குச் சொல்லுங்கள், பக்கத்துத் துண்டுக்காரர்களின் பெயரையும் எழுதச் சொல்லி.

கேள்வி: அமெரிக்காவில் ஒருகாலத்தில் ஆளுக்கு 160 ஏக்கர் சும்மா கொடுத்தார்களாமே? இங்கே மூன்று ஏக்கர் வயலுக்கு நாங்கள் படும் பாடு! உண்மையா? – வாசகர், முள்ளியவளை

பதில்: உண்மைதான் தம்பி. லிங்கன் 1862 மே 20இல் கையெழுத்திட்ட சட்டம் அது. 21 வயது முடிந்தவர் அல்லது குடும்பத் தலைவர், சிறு கட்டணத்தோடு 160 ஏக்கர் கேட்கலாம். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து, இரண்டு சாட்சியோடு வந்து நிரூபித்தால் காணி சொந்தம். தனிப் பெண்களும் விதவைகளும் கேட்க முடிந்தது. பிற நாட்டில் இருந்து வந்தவரும், குடியுரிமை பெறப்போகிறேன் என்று எழுத்தில் தந்தால் கேட்கலாம். மொத்தம் ஏறக்குறைய 1.6 மில்லியன் பேருக்கு 270 மில்லியன் ஏக்கர் போனது.

சும்மா என்ற சொல் மட்டும் பொருந்தாது. நெப்ராஸ்கா, டகோட்டா மாதிரி மரமில்லாத வெளிகளில் மண்கட்டியை வெட்டி அடுக்கி வீடு கட்டி இருந்தவர்கள் அவர்கள். கேட்டவர்களில் பெருந்தொகையானோர் ஐந்து வருடம் தாக்குப்பிடிக்காமல் விட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் முதல் குடியேற்றக்காரரை நுளம்பும் மலேரியாவும் விரட்டியதை உங்கள் அப்பப்பாவிடம் கேட்டிருப்பீர்கள். அதே கதை.

குடும்பம் தேடுபவருக்கு இந்தக் கோப்பு ஒரு புதையல். ஐந்து வருட முடிவில் கொடுக்கும் சாட்சியத்தில் வீட்டின் நீள அகலம், எத்தனை கதவு, எத்தனை யன்னல், எத்தனை ஏக்கர் உழுதது, என்ன விதைத்தது, இடையில் எங்கே போயிருந்தார், ஏன் போனார், மனைவி, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் இருக்கும். கேட்டுவிட்டுப் பாதியில் கைவிட்டவரின் கோப்புகளும் இருக்கின்றன. இவை வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இணையத்தில் பார்க்கும் காணிப் பத்திரம் ஒரு தாள்தான்; அதிலுள்ள இலக்கத்தைக் கொண்டு முழுக் கோப்பையும் கேட்டு எடுக்க வேண்டும்.

இந்தக் காணிகள் கென்டக்கி மாதிரிக் குழப்பமானவை அல்ல. 1785இல் வந்த சட்டத்தோடு முதலில் அளந்துவிட்டுப் பிறகு கொடுக்கும் முறை வந்தது. ஆறு மைல் சதுரம் ஒரு பெரிய கட்டம்; அதற்குள் 36 துண்டு; ஒரு துண்டு 640 ஏக்கர். அதன் கால் பங்குதான் 160 ஏக்கர். 16ஆம் துண்டைப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கினார்கள். நான் வேலை செய்த ஒரு குடியேற்றத் திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய துண்டு பின்னர் வேறு எதற்கோ போனது. பிள்ளைகள் நாலு மைல் நடந்தார்கள். அந்த 16ஆம் துண்டைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் கண்ணில் வந்தார்கள்.

கேள்வி: அரசாங்கம் கொடுத்தது என்கிறீர்கள். அதற்கு முன் அந்தக் காணி யாருடையது? – ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: கென்டக்கிக் காடுகளில் ஷானி, செரோக்கி என்ற ஆதிக்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்தார்கள். 1775இல் தனியார் கம்பனி ஒன்று செரோக்கித் தலைவர்கள் சிலரிடம் பெரும் நிலப்பரப்பை வாங்கியதாகச் சொன்னது. அவர்களிலேயே ஒரு பகுதியினர் அதை எதிர்த்தார்கள். அந்த விற்பனை செல்லாது என்று வர்ஜீனியா பின்னர் தீர்த்தது. ஆனால் நிலத்தைச் செரோக்கிகளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, தானே எடுத்துப் பிறருக்கு வழங்கியது. லிங்கனின் பாட்டனார் 1786இல் தன் கென்டக்கிக் காணியில் வேலை செய்துகொண்டிருந்தபோது அப்பகுதியின் ஆதிக்குடிகளால் கொல்லப்பட்டார். 1830இல் ஆதிக்குடிகளை அகற்றும் சட்டம் வந்தது. 1838–39இல் செரோக்கி மக்களைப் பலவந்தமாக மேற்கே நடத்திக்கொண்டு போனபோது ஆயிரக்கணக்கானோர் வழியில் இறந்தார்கள். மருமகளின் மாமியாருக்கு நான் எழுதி அனுப்பிய குடும்ப வரலாற்றில் இதற்கு ஒரு பக்கம் வைத்தேன். அவர் அதை எடுக்கச் சொல்லவில்லை.

ரீச்சர், உங்கள் கேள்வி எங்களுக்கும்தான். நாங்கள் சங்கிலி இழுத்த காட்டுக்குள் பழைய குளத்துக் கிராமங்களின் ஆட்கள் சேனைப் பயிர் செய்தார்கள், மாடு மேய்த்தார்கள், தேன் எடுத்தார்கள். வரைபடத்தில் அது அரச காடு. பாலை மரத்தைக் காட்டி “இது என்ரை அப்புவின் எல்லை” என்று ஒரு முதியவர் 1975இல் எனக்குச் சொன்னார். அவரிடம் கடதாசி இல்லை. நான் அவர் பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை. குறித்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குடும்பம் 1977 கலவரத்தில் மலையகத்தில் இருந்து ஓடிவந்தது. காடு வெட்டிக் குடியிருந்தோம். நீண்ட காலம் பெர்மிட் இல்லை. பிறகு கிடைத்த கடதாசிகளும் 2009இல் போய்விட்டன. எங்களைப் போன்றவர்களுக்குக் குடும்ப வரலாறு தேட என்ன வழி? – வாசகி, தர்மபுரம்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். 2009 மாசியில் நானும் ஒரு சொப்பிங் பைக்குள் குடும்பத்துக் கடதாசிகளை வைத்து வயிற்றோடு கட்டிக்கொண்டுதான் நடந்தேன். ஒவ்வொரு பதுங்குகுழியிலும் முதலில் அந்தப் பை, பிறகுதான் சோற்றுப் பானை. பலருக்கு அதுவும் தப்பவில்லை.

அமெரிக்காவிலும் காணிக் கடதாசி இல்லாமல் குடியிருந்தவர்கள் ஏராளம். அளவைக்கு முன்னரே காட்டுக்குள் போய்க் குடிசை போட்டவர்கள். 1841இல் வந்த சட்டம், அப்படி இருந்தவர்களுக்கு ஏக்கர் ஒன்றேகால் டொலர்படி 160 ஏக்கர் வரை முதல் உரிமையோடு வாங்க இடம் கொடுத்தது. அதுகூட வாங்க முடியாதவரை இன்று எப்படித் தேடுகிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரரின் கோப்பில். அவர் சாட்சி சொல்லியிருப்பார், சங்கிலி பிடித்திருப்பார், வரிப் பட்டியலில் காணி இல்லை, குதிரை ஒன்று என்று பெயர் இருக்கும். 1800 நவம்பரில் அந்த நாட்டுப் போர்த் திணைக்களத்தில் தீப்பிடித்து, புரட்சிப் போர் வீரர்கள் அதுவரை கொடுத்திருந்த காணி விண்ணப்பங்கள் எரிந்துபோயின. அவர்களின் பேரப்பிள்ளைகளும் இப்படி வேறு கோப்புகளில்தான் துழாவினார்கள்.

உங்கள் விடயத்தில் நான் பின்னோக்கிப் போவேன். தர்மபுரத்தில் உங்களுக்கு முதல் பெர்மிட் கிடைத்த அயலவர் யார்? அவர் காணியின் எல்லையில் உங்கள் அப்பாவின் பெயர் இருக்கக் கூடும். பிள்ளைகளின் பள்ளிச் சேர்வுப் பதிவேடு, கூட்டுறவுச் சங்கத்தின் பங்கீட்டு அட்டைப் பதிவு, கோயில் வரவு செலவுக் கொப்பி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எல்லாவற்றையும் கேளுங்கள். பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். செக்றோல், அதாவது தோட்டத் தொழிலாளரின் வேலைப் பதிவேடு, எல்லா இடத்திலும் தப்பவில்லை. தப்பிய இடத்தில் உங்கள் அம்மாவின் பெயருக்கு எதிரே எந்த நாள் எத்தனை இறாத்தல் கொழுந்து என்று இருக்கும்.

அதைவிட முக்கியம் பிரஜாவுரிமைக் கோப்பு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டார்கள். தாம் இந்த நாட்டில் தொடர்ந்து குடியிருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்ததால் எந்தத் தோட்டம், எந்த வருடம், பெண்சாதி பிள்ளைகள் யார் என்று எல்லாவற்றையும் அடுக்கியிருப்பார்கள். பெரும்பாலானவற்றை நிராகரித்தார்கள். நிராகரித்த விண்ணப்பத்திலும் குடும்பம் இருக்கிறது. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பின் உங்கள் தாத்தா இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருந்தால் அதில் தமிழ்நாட்டு ஊரும் தாலுகாவும் வரும். ஒரு தரம் அந்த ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டால், மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறிய அந்தப் பூட்டன் எந்தக் கிராமத்துக் குளத்தில் குளித்தவர் என்று உங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும்.

இன்னொன்று. 1977இல் வந்தபோது பெரியவர்களாக இருந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கோப்பு எங்கும் ஓடாது. அவர்கள் இருக்கும் நாள் குறைவு. இந்தக் கிழமையே போங்கள். “எப்படி வந்தீர்கள்” என்று கேட்டால் அழுவார்கள். “யாரோடு வந்தீர்கள், லொறியில் பக்கத்தில் யார் இருந்தது, முதல் கொட்டில் போட யார் தடி வெட்டித் தந்தது” என்று கேளுங்கள். பெயர் பெயராக வரும்.

கேள்வி: என் அம்மம்மாவின் உறுதியில் ‘பேர்ச்’, அமெரிக்கப் பழைய பத்திரத்தில் ‘போல்’. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? – மாணவன், வவுனியா

பதில்: உண்டு. போல் என்பது பதினாறரை அடி நீளம். நான்கு போல் ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு போல் நீளமும் ஒரு போல் அகலமும் கொண்ட சதுரம்தான் எங்கள் பேர்ச். 160 பேர்ச் ஒரு ஏக்கர். 40 பேர்ச் ஒரு ரூட். யாழ்ப்பாணத்துப் பரப்பு 10 பேர்ச். ஆங்கிலேயர் தங்கள் சங்கிலியை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோனார்கள். கென்டக்கிப் பத்திரத்தில் ‘வடக்கே 200 போல்’ என்று வந்தால் 3,300 அடி. அதை வைத்து நீங்களே தாளில் கோடு கீறிப் பார்க்கலாம். கடைசிக் கோடு தொடங்கிய மரத்தில் வந்து முட்டினால் கணக்குச் சரி.

கேள்வி: அப்பாவின் பழைய பெர்மிட் மடிப்புகளில் கிழிகிறது. லமினேட் செய்யலாமா? – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: செய்ய வேண்டாம். சூடு பட்டால் பழைய மை மங்கும், ஒட்டியதைத் திரும்பக் கழற்ற முடியாது. பின்பக்கத்தில் இனி எதுவும் பதியவும் முடியாது. பின்னுரித்தாளர் மாற்றம் வந்தால் கஷ்டப்படுவீர்கள். செலோ ரேப்பும் ஒட்ட வேண்டாம். மடிப்பை விரித்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, ஒரு கெட்டி அட்டைக் கோப்புக்குள் போடுங்கள். அதற்கு முன்னர் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்று அனுப்பிவிடுங்கள். பின்பக்கத்தை மறக்க வேண்டாம். சாட்சிகளின் கையெழுத்து அங்கேதான் இருக்கும்.